கம்பி எங்கும் போகாத குமிழ்

திருகாமல் இருக்க முடியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள்; காலையில் பல் தேய்ப்பார்கள், மாலையில் வீடு திரும்புவார்கள், நடுவில் கைக்கு அகப்படுகிற எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுவார்கள். குழாயை மூடினால் உள்ளே இருக்கிற வாஷர் கிழிகிற வரை மூடுவார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகுகிற வரை ஊற்றிவிட்டு, வாடிப் போச்சே என்று மறுபடியும் ஊற்றுவார்கள். குடும்பப் படம் எடுக்க நிறுத்தினால் "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி மாமனார் சாக்கடையில் இறங்கிய பிறகுதான் படம் எடுப்பார்கள். லிப்ட்டின் பொத்தான் எரிந்துகொண்டிருக்கும். ஏற்கனவே நாலு பேர் அமுக்கியிருப்பார்கள். இவர் வந்து, அந்த நாலு பேரையும் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்து, தானும் அமுக்குவார். லிப்ட் வரும். பார்த்தீர்களா என்பது போல ஒரு தலையசைப்பு.

லிப்ட் எப்படியும் வந்திருக்கும் என்று யாராவது அவரிடம் சொல்லிப் பாருங்களேன். சொல்ல முடியாது. வந்துவிட்டதே!

இந்த இனத்தை வீட்டில் பார்க்கலாம், சாலையில் முன்னால் நிற்கிற வண்டிக்குப் பின்னால் ஹாரனோடு பார்க்கலாம், நோயாளியின் முதுகைத் தடவிக் கொடுப்பதாகச் சொல்லி எலும்பை எண்ணிக்கொண்டிருக்கும்போது பார்க்கலாம். ஆனால் அப்பழுக்கில்லாத, முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பேராசிரியர் இருந்தார். அவருக்கு எதிரில் எல்லோரும் "சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருடைய பெயர் "இன்னுங்கொஞ்சம்".

"இன்னுங்கொஞ்சம் வந்தாச்சா?"

"வந்தாச்சு. வரும்போதே கதவுக் கைப்பிடி கையோட வந்துருச்சு."

நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாணவர்களுக்குக் காய்ச்சல் என்றால் விடுதிக்கே வந்து நிற்பார் (மாத்திரை ஒன்று என்று எழுதியிருந்தால் ஒன்றரை கொடுக்கப் பார்ப்பார், அது வேறு விஷயம்). அவருடைய மூக்குக் கண்ணாடியின் இடது கால் மெல்லிய செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருக்கும். ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா? அதில் ஒரு திருகாணி இருந்தது; அது கொஞ்சம் தளர்ந்தது.

அவர் என்ன ஆராய்கிறார் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சில உலோகங்களைக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று பூசினால், அதற்குள் காந்தம் ஒரே திசையில் ஒழுங்காக நிற்காது. குழந்தையின் உச்சந்தலையில் முடி சுழித்துக்கொண்டிருக்குமே, அதுபோல ஆங்காங்கே சின்னச் சின்னச் சுழிகளாகச் சுற்றிக்கொள்ளும். படலத்தை ஒடுக்கமான பட்டையாகச் செதுக்கி மின்சாரத்தைப் பாய்ச்சினால் அந்தச் சுழிகள் ஊர்ந்து போகும். ஒரு நாள் கணினியின் நினைவுக்குள்ளே எழுத்துகளுக்குப் பதிலாக இவற்றை ஓட்டலாம் என்று உலகத்தில் பல பேருக்கு ஆசை.

ஓடினால் போதாதா? போதும்தான். ஆனால் சுழிக்கும் ஒரு குணம் இருக்கிறது. மின்சாரம் குறைவாக இருந்தால் நகரவே நகராது. படலத்தில் ஏதோ ஒரு மேடு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அளவாக இருந்தால் நகரும், ஆனால் நேராகப் போகாது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய்ப் பட்டையின் ஓரத்தை நெருங்கும். ஓரம் அதைச் சும்மா விடாது, உள்ளே தள்ளும். மின்சாரம் வெளியே நெட்ட, ஓரம் உள்ளே நெட்ட, சுழி இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல் விளிம்பை ஒட்டியே நடந்து போய்ச் சேரும். அளவு மீறினால்? விளிம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. உடையாது, விழாது, சத்தம் கேட்காது. இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான்.

அதாவது, நெட்டித் தள்ளினால் காரியம் வேகமாக நடக்காது, கைவிட்டுப் போகும். இதை அளந்து, வரைபடம் போட்டு, கட்டுரை கட்டுரையாக எழுதிப் பெயர் வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இன்னுங்கொஞ்சம்தான். மேடையில் ஏறினால் இதைப் பற்றி அவரைப் போல அழகாக விளக்க ஆள் கிடையாது. கூட்டத்தைப் பார்த்து, "அவசரம் கூடாது. சுழிக்குப் பொறுமை வேணும், நமக்கும் பொறுமை வேணும்" என்பார். சொல்லிக்கொண்டே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவார். அது 'கீ' என்று அலறும்.

அப்படிப்பட்டவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து மின்சாரத்தைக் கூட்டும் குமிழுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆகிக்கொண்டுதான் இருந்தது. சுழி போன பிறகும் கூட்டிக்கொண்டே போனால் பட்டையே பொசுங்கிவிடும். பொசுங்கிப் போன பட்டைகளைப் போட்டு வைக்க ஒரு மேசை இழுப்பறையே ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு "சுடுகாடு" என்று பெயர். புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு முதலில் கழிப்பறையைக் காட்டுவார்கள், அடுத்து சுடுகாட்டைக் காட்டுவார்கள்.

நம் கதைக்கு உரிய மாணவி இப்படித்தான் வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி, கறார்க்காரி, பேராசிரியரைப் போலவே பேசிக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, இரண்டு விரலைக் காற்றில் திருகி, "இன்னும் கொஞ்சம்மா" என்று அவள் சொன்னால் தேநீர் அறையே உருண்டு சிரிக்கும். அவள் செய்த முதல் பட்டையை அவர் பொசுக்கினார். சிரித்துக்கொண்டாள். இரண்டாவதையும் பொசுக்கினார். சிரிப்பு வரவில்லை. மூன்றாவதும் போன அன்று அவள் கருவிகள் பழுது பார்க்கிறவரிடம் போய் நின்றாள். அவர் பழைய வானொலிப் பெட்டிகளுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிற ஆசாமி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"அண்ணே, சார் கையைக் கட்டிப் போட வழி இருக்கா?"

"கையை எதுக்கும்மா கட்டணும்? கைக்கு வேற வேலை குடுத்தா போச்சு."

அவர் கொடுத்த வேலைதான் அந்தப் பெட்டி. பார்க்கவே கம்பீரமான பெட்டி. முன்பக்கத்தில் பழைய வானொலியிலிருந்து கழற்றிய பெரிய கறுப்புக் குமிழ். திருகினால் கனமாக, மரியாதையாக, கடக் கடக் என்று சுற்றும். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. மேலே முள் வைத்த அளவுமானி. குமிழைத் திருகத் திருக அந்த முள்ளும் ஏறும், உள்ளே ஒரு சின்ன பேட்டரி அதற்கென்றே உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து தடித்த கம்பி ஒன்று புறப்பட்டு, மேசைக்குப் பின்பக்கமாக இறங்கி, மேசைக் காலில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேல் போக அதற்கு இடம் இல்லை. உண்மையான குமிழ் மாணவியின் இடது கைப் பக்கத்தில், ஒரு காலி அட்டைப் பெட்டிக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

அன்றிலிருந்து சுடுகாட்டுக்குப் புதுப் பிணம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் அமைதி நிலவியது. பேராசிரியர் பெரிய குமிழைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார். திரையில் நுண்ணோக்கி காட்டுகிற சுழிகள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். "கூட்டறேன்" என்பார். கடக். மாணவி அட்டைப் பெட்டிக்கு அடியில் விரலை விட்டு, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வைப்பாள். புள்ளி மெதுவாக ஊரும்.

"பாத்தியா? கூட்டினதும் எப்படிப் போகுது பாரு!"

"ஆமா சார். உங்க கை பட்டாத்தான் போகுது."

"கைப்பக்குவம்மா, கைப்பக்குவம். இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?"

"வைங்க சார், தாராளமா வைங்க."

ஒரு நாள் பேராசிரியரின் மனைவி ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தார். பல் மருத்துவர், நிதானமான அம்மாள். கணவர் குமிழை உற்சாகமாகத் திருகிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாளின் பார்வை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டே மேசைக்குப் பின்னால் போய், கீழே இறங்கி, மேசைக் காலில் போய் நின்றது. யாரோ கூப்பிட்டுக் கணவர் வெளியே போனதும் அம்மாள் மெல்ல அவள் பக்கம் குனிந்தார்.

"எவ்வளவு நாளா?"

"மேடம்... அது வந்து..."

"பயப்படாதீங்கம்மா. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. வெந்நீர் ஹீட்டர்ல. ஒரு தடவை முதுகு வெந்ததுக்கு அப்புறம் பிளம்பரை வெச்சு குமிழோட கம்பியை உள்ள இருந்து கழட்டிட்டேன். தினமும் திருகிட்டுத்தான் குளிக்கிறார். சூடு இப்பத்தான் சரியா இருக்குன்னு சந்தோஷமா இருக்கார்."

அதோடு மாணவிக்கு இருந்த கொஞ்ச நஞ்சக் குற்ற உணர்ச்சியும் போய்விட்டது. கட்டிய மனைவியே அங்கீகரித்த முறை அல்லவா!

இப்போது கதைக்கு வருவோம். மாணவியின் ஆய்வேட்டில் எல்லா அத்தியாயமும் எழுதி முடிந்து, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. ஒரே ஒரு சுழியைப் பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விளிம்பை ஒட்டி நடத்திக் கொண்டுபோய், அதே சுழியைத் திரும்பவும் கொண்டுவந்து சேர்த்து, போக வர இரண்டையும் படம் பிடிக்க வேண்டும். போனது வரும் என்று காட்டினால்தான் நினைவில் வைத்ததைத் திரும்ப எடுக்கலாம் என்று ஆகும். அதைக் காட்டிவிட்டால் பட்டம். வேறு ஊரில் அவளுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் அந்த நாற்காலி அவளுக்கு, கொடுக்காவிட்டால் அடுத்து நிற்கிறவருக்கு. படலம் பூசுகிற இயந்திரமோ படுத்துவிட்டது. அதன் உதிரிப் பாகம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இருந்த பட்டைகளில் தேறியது ஒன்றே ஒன்று. அதை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, மேலே மூடி வைத்து, மூடிக்கு மேல் "தொடாதே" என்று எழுதி, தானே அதைத் தொடப் பயந்துகொண்டிருந்தாள்.

அன்று காலை ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் லிப்ட்டுக்காக நின்றாள். பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை அமுக்கினாள். எரிகிறதா என்று சோதித்தேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பேராசிரியர் அவளுக்கு முன்பே வந்து, பெரிய குமிழுக்கு எதிரில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைவிட அவருக்குத்தான் படபடப்பு.

"நீ கவலைப்படாதம்மா. இன்னைக்கு நான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கப் போறேன். பூ மாதிரி திருகறேன்."

"சரி சார்."

"எனக்கே என் கை மேல பயம் இருக்கு. நான் ஜாஸ்தி போனா உடனே சொல்லிடு. மரியாதை எல்லாம் பாக்காத."

இதைக் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பட்டை ஒன்றுதானே இருக்கிறது? அட்டைப் பெட்டியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சுழி கிளம்பியது. முதலில் சற்று அடம் பிடித்தது. பிறகு சாய்ந்து, விளிம்பை நெருங்கி, அங்கே ஓரம் கொடுத்த நெட்டில் தடுமாறி, சமாளித்து, சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிற சின்னக் குழந்தையைப் போல ஊர்ந்து போய் மறு முனையை அடைந்தது. படம் முழுவதும் பதிவாகிவிட்டது. பேராசிரியர் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குமிழை ஒரு கடக், அரைக் கடக் என்று அரக்கிக்கொண்டிருந்தார்.

"பாதி முடிஞ்சுது சார்."

"பேசாத, பேசாத. திருப்பு."

மின்சாரத்தின் திசையை மாற்றினாள். சுழி திரும்பியது. இந்த முறை எதிர் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்து அதை ஒட்டி நடக்க ஆரம்பித்தது. நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. போன வழியைவிட இந்தப் பக்கம் கரடு போலிருக்கிறது. நாலடி வைத்ததும் நின்றது, நின்று யோசித்தது, பிறகு இரண்டடி வைத்தது. இலக்கு திரையிலேயே தெரிந்தது. பட்டையின் முனை, அதோ. கதவு வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வர யோசிக்கிற விருந்தாளியைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? கையைப் பிடித்து இழுக்கலாம் போல இருக்காதா? மாணவிக்கு அப்படித்தான் இருந்தது. அந்த நாற்காலி கண்ணில் தெரிந்தது. ஊரில் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லப் போகிற வார்த்தைகூட நாக்கு நுனியில் வந்து நின்றது. சுழி மறுபடியும் நின்றது. அட, வந்து தொலையேன்!

அட்டைப் பெட்டிக்கு அடியில் இருந்த விரல் அசைந்தது. அவள் உதடும் அசைந்தது. என்ன சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்?

இன்னும் கொஞ்சம்.

சுழி துள்ளியது. விளிம்பின் மேல் சாய்ந்தது. ஒரு கணம் அங்கே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அவள் பதறிப்போய்க் குமிழைத் திருப்பினாள். பதற்றத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. திரையில் பட்டையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடி நின்றது. பொசுங்கல் நாற்றம் வருகிற அளவுக்கு அது பெரிய பொருள் இல்லை. ஆனாலும் அவளுக்கு வந்தது.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அளவுமானியின் முள் ஏறி நின்றதைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப் போயிற்று. குமிழிலிருந்து கையை, சூடு பட்டவர் போல, எடுத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "கடைசியில ஒரு அரைக் கடக் வெச்சேன். நிக்குதேன்னு வெச்சேன். வெக்காதேன்னு மனசு சொல்லுச்சு, வெச்சுட்டேன்."

"சார்..."

"நீ ஒண்ணும் பேசாதம்மா. உன் தப்பு இல்ல. நான் இப்பவே போய் யுனிவர்சிட்டியில சொல்றேன், இந்தப் பொண்ணோட வேலையை நான்தான் கெடுத்தேன், தவணை குடுங்கன்னு. அந்த வேலை குடுக்கறவங்ககிட்டயும் நானே பேசறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

அவர் எழுந்துவிட்டார். செப்புக் கம்பி கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை இல்லை. மாணவி அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். தவணை கிடைத்திருக்கும், இரக்கமும் கிடைத்திருக்கும், பெட்டியின் ரகசியமும் ரகசியமாகவே இருந்திருக்கும். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவளும் அதைத்தான் செய்யப் பார்த்தாள். அவர் கதவு வரை போகிற மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். புதிதாகப் பொருத்திய கைப்பிடியை அவர் பிடித்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நீங்க இல்ல. நான்தான்."

"என்னைக் காப்பாத்த வேண்டாம்மா."

"காப்பாத்தலை சார். அந்தக் குமிழுக்கும் பட்டைக்கும் சம்பந்தமே இல்ல. கம்பியைப் பாருங்க."

அவர் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் போனார். மூட்டு வலியோடு குனிந்தார். மேசைக் காலில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாணவி அட்டைப் பெட்டியைத் தூக்கிச் சின்னக் குமிழைக் காட்டினாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். பழுது பார்க்கிறவர் பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் திருகினது?"

"ஒண்ணும் ஆகலை சார்."

"நம்ம கட்டுரைக்கு எடுத்த படம் எல்லாம்?"

"நான் வெச்சது சார்."

"கைப்பக்குவம்னு சொன்னியே?"

அவளுக்குத் தேநீர் அறையில் இரண்டு விரலைக் காற்றில் திருகிச் சிரிக்க வைத்தது எல்லாம் நினைவுக்கு வந்து, வெட்கமாக இருந்தது. அவமானப்பட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் அவள் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

அவர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"இன்னைக்குக் கடைசியில எவ்வளவு வெச்ச?"

"கொஞ்சம்தான் சார்." சின்னக் குமிழைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்."

அவர் அவளைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அவள் பயந்து ஓரடி முன்னால் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்தபடி, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, மூச்சு வாங்கச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது; நடுவில் எங்கேயோ அது அழுகையாகவும் மாறிவிட்டது.

"எந்திரிக்கக் கை குடு," என்றார் கடைசியில். "மெதுவா. இழுக்காத."

தவணை கேட்கப் போனார். யார் கெடுத்தது என்று அங்கே கேட்டதற்கு "எங்க ஆய்வுக்கூடத்தோட பழக்கம்" என்று மட்டும் சொன்னாராம். தவணை கிடைத்தது. அந்த நாற்காலி மட்டும் காத்திருக்கவில்லை. அடுத்து நின்றவர் உட்கார்ந்துவிட்டார். அது அவளுக்கு வலித்தது, பல நாள் வலித்தது. கப்பல் வந்தது, இயந்திரம் எழுந்தது, புதுப் பட்டை பிறந்தது. சுழி போயிற்று, நின்று நின்று, தன் இஷ்டப்படி திரும்பியும் வந்தது. மாணவி வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெட்டி? பழுது பார்க்கிறவர் மறுநாளே ஸ்குரூ டிரைவரோடு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பேராசிரியர் அதைக் கழற்ற விடவில்லை.

"இருக்கட்டும் விடுப்பா. ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே திருகறேன். கை கேக்குது, நான் என்ன பண்ணட்டும்?"

அதற்குப் பிறகும் அவர் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தார். கடக் கடக் என்று சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். திருகும்போது திரையைப் பார்க்க மாட்டார், பெட்டியைப் பார்த்துக்கொள்வார். வீட்டு வெந்நீர் விஷயத்தை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று அம்மாள் உத்தரவு.

மாணவிக்கு வேறொரு நாற்காலி, கொஞ்சம் தாமதமாக, கிடைத்தது. இப்போது அவள் மாணவி இல்லை, மேடம். அவளுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம், அவளுக்கென்று மாணவர்கள். முதல் நாளே அவர்களை உட்கார வைத்து இந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள், பொசுங்கிய பட்டை உட்பட. "இந்த வியாதி எனக்கு ஒரு தடவை வந்து போயிடுச்சு. இனி வராது" என்றாள். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

போன வாரம் அவள் தன் மேசை முன்னால் உட்கார்ந்து, திரையில் சுழி ஊர்வதைப் பார்த்தபடி குமிழை லேசாக, மிக லேசாக, அரக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் ஓடியது. பழைய பேராசிரியரைப் போலவா நான், எனக்கு அளவு தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோதே ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் குமிழ் எப்போதிலிருந்து இவ்வளவு கனமாக, இவ்வளவு மரியாதையாகச் சுற்றுகிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவனின் இடது கை ஏன் ஒரு காலி அட்டைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது? அவள் நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, குனிந்து, மேசைக் காலைப் பார்த்தாள்.

முடிச்சு நன்றாகத்தான் போட்டிருந்தார்கள்.

உங்களுக்கு இதெல்லாம் கிடையாது, தெரியும். நீங்கள் குழாயை அளவாக மூடுகிறவர், லிப்ட்டை ஒரே தடவை அழைக்கிறவர், பிள்ளையைப் படி என்று ஒரே முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர். வீட்டில் நீங்கள் சொல்வதெல்லாம் நடக்கிறது. அலுவலகத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் ஓடுகிறது. எல்லோரும் "உங்க கை பட்டாத்தான் ஆகுது" என்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். நேரம் கிடைக்கும்போது, யாரும் பார்க்காத வேளையாகப் பார்த்து, கொஞ்சம் குனிந்து உங்கள் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

தெரியவில்லையா? இன்னும் கொஞ்சம் குனியுங்கள்.